அளவுகோலாக வைத்த ரத்தம்

முதலில் ஒரு விடுகதை. கட்டிப் பிடிப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். கையை எடுக்கும்போது பிடிபட்டவன் இருக்கமாட்டான். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இந்த நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்கிறான். யார் அவன்?

வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கொல்லும் செல் என்று நாங்கள் சொல்வோம். கிருமி புகுந்த செல்லையோ, புற்றுநோய் பிடித்த செல்லையோ கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். தன்னிடம் இருக்கும் நஞ்சுப் பொட்டலங்களை ஒட்டிய இடத்துக்கு நகர்த்தும். பொட்டலம் உடையும், எதிரி வெடிப்பான், இது அடுத்தவனைத் தேடிப் போகும். எங்கள் தொழிலில் ஒரு செல் செத்தால் சந்தோஷப்படுவோம். சாகாமல் இருந்தால்தான் கவலை.

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் எங்கள் ஆய்வுக்கூடம். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயையும், நோய் எதிர்ப்புச் சக்தியில் பிறவியிலேயே வரும் கோளாறுகளையும் ஆராய்கிற இடம். அங்கே மைக்ராஸ்கோப் பிரிவு என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தோமே, அந்த மாதிரி இல்லை. லேசர் வெளிச்சத்தை ஊசிமுனையாக்கி, உயிரோடு இருக்கும் செல்லை மேலிருந்து கீழாக ஏடு ஏடாகப் படம் பிடிக்கும் கருவி. ரிசல்ட் எப்போது வரும் என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீங்களும் ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்பீர்கள். கதவுக்கு உள்ளே இருந்தவள் நான். உள்ளேயும் காத்திருப்பு அப்படித்தான் இருந்தது என்பதை உங்களுக்கென்றே சொல்லிவைக்கிறேன்.

மீன் கடை ஐஸ்

முகிலுக்கு நான்கு வயது. அனகாபுத்தூர்ப் பையன். இரண்டு வாரமாகக் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு உப்பல், ரத்த அணுக்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. குழந்தைகள் மருத்துவமனையில் முதலில் ரத்தப் புற்றுநோய் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் அது இல்லை. கொல்லும் செல்லில் கோளாறு இருக்குமோ என்று அங்கிருந்த டாக்டர் அம்மாவுக்குத் தோன்ற, ஒரு குழாய் ரத்தத்தை அவன் அப்பாவிடம் கொடுத்து எங்களிடம் அனுப்பினார்.

அப்பா பெயர் செல்வம். பல்லாவரத்தில் தோல் பை கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். குழாய் இருந்த உறையின் மேல், குளிரில் வைக்கக் கூடாது, அறைச்சூட்டிலேயே வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாத வெயில். மகன் ரத்தம் கெட்டுவிடுமே என்று வழியில் வண்டியை நிறுத்தி, மீன் கடையில் ஐஸ் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் போட்டு, குழாயை நடுவில் செருகி, கயிறு கட்டிக் கொண்டுவந்தார். கயிற்றை அவிழ்க்கவே எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. அவ்வளவு பத்திரம்.

ஐஸில் கிடந்த வெள்ளை அணு மரத்துப்போகும். பிறகு எவ்வளவு நேரம் சூட்டில் வைத்தாலும் ஒழுங்காக நகராது. அந்தக் குழாய் எங்களுக்கு உதவாது, திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். முகிலுக்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு. ஊசி குத்திய இடமெல்லாம் நாவல்பழம் மாதிரி கன்றிப்போகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செல்வம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “மீனே ஐஸ்ல மூணு நாள் நிக்குது மேடம். ரத்தம் நிக்காதுன்னு எனக்கு இன்னா மேடம் தெரியும்?”

நல்ல ரத்தம்

இரண்டாவது குழாய் செல்வத்தின் சட்டைப் பையில், நெஞ்சுச் சூட்டிலேயே வந்தது. கூடவே அவருடைய மகள் தாரணியும் வந்தாள். பதினொரு வயது. தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிக்கூட ரிப்பன் கட்டியிருந்தாள்.

நோயாளியின் ரத்தத்தை மட்டும் பார்த்து எங்களால் எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கே எடுத்த, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் பக்கத்தில் இருக்க வேண்டும். துணிக்கடையில் கெஜக்கோல் இருப்பது போல. வழக்கமாக ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களே கை நீட்டுவோம். என் முழங்கை மடிப்பில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் குழந்தைக்குக் குழந்தை ரத்தமே நல்ல அளவுகோல். அதுவும் ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வெயிலில் வந்த பிள்ளை. செல்வத்தைக் கேட்டேன். கையெழுத்துப் போட்டார். தாரணியைக் கேட்பதற்குள் அவளே கையை நீட்டிவிட்டாள்.

அவள் நீட்டியதற்குக் காரணம் இருந்தது. முகிலுக்கு இருப்பது நாங்கள் தேடும் கோளாறாக இருந்தால், கடைசியில் வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் பொருத்தம் பார்த்திருந்தார்கள். அம்மா அப்பாவுக்குப் பாதிப் பொருத்தம். அக்காவுக்கு முழுப் பொருத்தம். அன்றிலிருந்து அவள் தினம் இரண்டு முட்டை சாப்பிடுகிறாளாம். முட்டை வாசனையே பிடிக்காத பெண்ணாம். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என்னிடம் சொன்னாள்: “என்னோடது நல்ல ரத்தம் மிஸ். டாக்டரே சொன்னாங்க. அதைத்தான் தம்பிக்கு ஏத்தப் போறாங்க.”

ரயிலும் கடப்பாரையும்

கட்டடத்துக்குப் பின்னால் செங்கல்பட்டு மின்ரயில் போகிறது. எங்கள் கருவி காற்றுத் தலையணை வைத்த மேஜையில் இருக்கிறது என்றாலும், ரயில் போனால் படத்தில் செல்கள் நடுங்கும். அதனால் கருவிக்கு மேலே சுவரில் ரயில் நேர அட்டவணை ஒட்டியிருப்போம். என்னோடு வேலை செய்யும் அஃப்ரீன், தினம் அதே ரயிலில் ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவள், எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ரயில் போனதும் படம் ஓட விடுவோம். அடுத்தது வருவதற்குள் எடுத்தவரை லாபம். துண்டு துண்டாக எடுத்து, நாற்பது நிமிஷப் படமாகக் கோப்போம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சினிமா.

அன்றைக்கு ரயில் சொன்ன பேச்சைக் கேட்டது. தெருவில்தான் மழைநீர் வடிகாலுக்காகக் கான்கிரீட்டை உடைக்க இயந்திரக் கடப்பாரை வந்து நின்றது. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் படம் கலங்கியது. அஃப்ரீன் இறங்கிப் போய்ப் பேசிப் பார்த்தாள். “மேடம், நாங்க ஒடைச்சாத்தான் ஒங்க வாசல்ல தண்ணி நிக்காது” என்று அனுப்பிவிட்டார்கள். எடுத்த ரத்தம் சாயங்காலம் வரை காத்திராது. சினிமாவைக் கைவிட்டேன். செல்களை மருந்து ஊற்றி அப்படியே நிற்கவைத்து, அசையாப் படங்களாக எடுத்தோம்.

படங்கள் அழகாக வந்தன. முகிலின் கொல்லும் செல்கள், எதிரியாக நாங்கள் கலந்துவிட்ட புற்றுநோய்ச் செல்களோடு ஒட்டியிருந்தன; பொட்டலங்கள் ஒட்டிய இடத்தில் கூடியிருந்தன. தாரணியுடையதிலும் அதேதான். நூறு ஜோடிகளை எண்ணினோம். அண்டைவீட்டு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே தினுசு. “அக்கா, வெடிக்குதான்னு ஃபிலிம்ல பாக்காம ரிப்போர்ட் குடுக்கலாமா?” என்று அஃப்ரீன் கேட்டாள். பையன் காத்திருக்கிறானே என்றேன். ‘ஆரோக்கியமான ரத்தத்தோடு ஒப்பிட்டதில் வேறுபாடு இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். மறுநாள் செல்வம் போன் செய்தார்: “நார்மல்னு வந்துகீதாமே மேடம். வூட்ல சொல்லிட்டேன். அவ அழுதுகினே போயி சாமிக்கு வெளக்கு ஏத்துறா.”

எது மாதிரி?

கொல்லும் செல் பழுதில்லை என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டதால், டாக்டர் அம்மா வேறு பக்கம் தேடப் போனார். காசநோய் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் சில நாள். மூன்று வாரம் முடிந்தபோது முகிலுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, கண் மஞ்சளாகியது. திரும்பவும் ரத்தம் அனுப்பினார். ‘இந்தத் தடவை சினிமாவாகவே வேண்டும்’ என்று உறையின் மேல் தமிழில் எழுதியிருந்தார்.

தாரணிக்கு அன்று காலாண்டுத் தேர்வு. அவள் வரவில்லை. அதனால் என் ரத்தத்தை எடுத்து வைத்தோம். வடிகால் வேலை அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. முதலில் என்னுடையது. ஒட்டியது, பொட்டலங்கள் கூடின, பன்னிரண்டாவது நிமிஷம் எதிரி உப்பி வெடித்தான். பிறகு முகிலுடையது. ஒட்டியது. பொட்டலங்கள் கூடின. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஒட்டியபடியே நின்றது. கொல்லவும் இல்லை, விலகவும் இல்லை. கொல்ல முடியாத காவல்காரன் சும்மா நிற்கமாட்டான். ஆள் அனுப்பு, ஆள் அனுப்பு என்று உடம்பு முழுக்கக் கூப்பாடு போடுவான். அந்தக் கூப்பாடுதான் முகிலுடைய காய்ச்சல், மஞ்சள் கண், வீங்கிய வயிறு எல்லாம். மருந்து கொடுத்து அந்தக் கூப்பாட்டை அடக்கியிருக்க வேண்டிய மூன்று வாரம் கையை விட்டுப் போயிருந்தது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அஃப்ரீன் நிமிரவில்லை. பழைய அசையாப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னு எழுதினோம்க்கா. எது மாதிரின்னு நாம பாக்கவே இல்லையே?”

உறைந்த குப்பி

மீந்துபோகும் செல்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது எங்கள் வழக்கம். தாரணியுடைய குப்பி ஒன்று இருந்தது. எடுத்து, வெந்நீரில் இளக்கி, ஓர் இரவு அடைகாக்க விட்டு, மறுநாள் காலை ரயில் போகக் காத்திருந்து படமெடுத்தோம். உறைந்து எழுந்த செல் சோர்ந்திருக்கும் என்று யாராவது சொல்லக் கூடாதே என, உறைய வைத்திருந்த என் செல்லையும் அதே மாதிரி எழுப்பிப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது கொன்றது. அவளுடையது தம்பியுடையதைப் போலவே நின்றது.

அம்மாவிடமிருந்து ஒரு பழுது, அப்பாவிடமிருந்து ஒரு பழுது. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். தம்பிக்குச் சேர்ந்தது போலவே அக்காவுக்கும் சேர்ந்திருந்தது. இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். முழுப் பொருத்தமுள்ள ஒரே மஜ்ஜை, அதே பழுதுள்ள மஜ்ஜை. நான் கோணல் கெஜக்கோலை வைத்துக் கோணலை அளந்திருக்கிறேன். டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும், என் தவறையும் சேர்த்து, வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னார்: “உங்க மேல கோபப்பட எனக்கு இப்ப நேரமில்ல. தம்பிக்குக் குடுக்கணும்னு அந்தப் பொண்ணு தினம் ரெண்டு முட்டை முழுங்குறா. அவகிட்ட யார் சொல்றது?”

பச்சையும் சிவப்பும்

செல்வத்துக்குப் படத்தைக் காட்டிச் சொன்னேன். திரையில் கொல்லும் செல் பச்சை, எதிரி சிவப்பு. “எம்புள்ள ரத்தம் பச்சையாவா கீது?” என்றார். நிறம் எதுவும் நிஜமில்லை, அடையாளத்துக்காக நாங்கள் சாயம் ஏற்றுவது என்றேன். தலையாட்டினார். அளவுகோல் தவறிப்போனதையும், அதனால் மூன்று வாரம் போனதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். எழுதிக் கொடுக்கவும் தயார் என்றேன்; மேலிடத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். வெளியே மகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் ஐஸு வச்சேன். நீங்க போட்டோ புட்சீங்க. வுடுங்க மேடம். இப்ப அவளுக்கு இன்னா சொல்றது, அத்த சொல்லுங்க.”

தாரணியின் கேள்வி

பொருத்தம் சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இனி ரத்தம் எடுத்துப் பார்க்க மாதாமாதம் ஊசி குத்தப்போகிற பிள்ளைக்கு எதற்கு என்று தெரிய வேண்டும் என்றார். படம் எங்களிடம் இருந்ததால் சொல்லும் வேலை எனக்கு வந்தது. தாரணியைக் கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, முதலில் என் செல்லைக் காட்டினேன். வெடித்ததும் “சூப்பர் மிஸ்!” என்றாள். அடுத்து அவளுடையது. பத்து நிமிஷம் பார்த்தாள். பதினைந்து. “ஸ்டக் ஆயிடுச்சா மிஸ்?” என்றாள். இல்லை, படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பிக்கு இருப்பது தனக்கும் இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தன்னிடமிருந்து அவனுக்கு ஒட்டியதா என்று கேட்டாள். இல்லை, இது ஒட்டுகிற நோய் இல்லை, யார் மேலும் தவறு இல்லை என்றேன். அப்பாவுடைய பாதிப் பொருத்தத்தை வைத்து முகிலுக்கு ஏற்றப்போகிறார்கள் என்பதையும் சொன்னேன். ரிப்பனின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அழவில்லை. “அப்போ நான் சாப்பிட்ட முட்டையெல்லாம் எங்க போச்சு மிஸ்?” என்றாள்.

குழந்தைக்கான கோடு

செல்வத்தின் மஜ்ஜை முகிலுக்கு ஏற்றப்பட்டது. ஏற்றுவதற்கு முன் அவனுடைய பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்தார்கள். அதைத் தாங்கும் உடம்பு, நாங்கள் இழந்த அந்த மூன்று வாரத்துக்கு முன்பு அவனிடம் இருந்தது. ஏற்றிய பத்தொன்பதாம் நாள் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று. இருபத்திரண்டாம் நாள் முகில் இறந்துபோனான். இப்போதெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடன்பிறந்தவர் ரத்தத்தை அளவுகோலாக வைப்பதில்லை. சுவரில் ரயில் அட்டவணைக்குப் பக்கத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு மாதம் கழித்து, தாரணி விஷயமாகப் பேச டாக்டர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டார். மாதப் பரிசோதனை எங்கள் வேலை என்பதால் நானும் போயிருந்தேன். இரண்டு வழி இருக்கிறது என்றார். உடம்பு நன்றாக இருக்கும்போதே அப்பாவின் மஜ்ஜையை ஏற்றிவிடுவது ஒன்று. மாதாமாதம் ரத்தம் பார்த்துக்கொண்டு, நோய் தலைகாட்டினால் உடனே ஏற்றுவது இன்னொன்று. முதலாவதில் ஆபத்து இப்போதே; இரண்டாவதில் எப்போது என்று தெரியாது. தன்னுடைய மனசு முதல் வழிப் பக்கம்தான் என்பதையும், இரண்டாவதையும் தவறென்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். தாரணியின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். செல்வம், ஒரு தடவை நான் முடிவு சொன்னேன், இனிமேல் என்னால் ஆகாது, அவளே சொல்லட்டும் என்றார். டாக்டர் அம்மா நீட்டிய படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு மேலே குழந்தைக்கென்று ஒரு கோடும், ‘இப்போதே ஏற்றலாம்’, ‘காத்திருக்கலாம்’ என்று இரண்டு கட்டமும் இருந்தன. சாதாரணமாக யாரும் அதை முதலில் நிரப்புவதில்லை. தாரணி பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்: “தம்பிக்குச் செஞ்சதேதானா டாக்டர்?” டாக்டர் அம்மா, “அதேதான்மா. ஆனா அவன் ரொம்ப முடியாம இருந்தான், நீ நல்லா இருக்க” என்றார்.

செல்லின் உள்ளே ஒரு பொட்டலம் நகர்வதைக்கூடக் காட்டுகிற கருவி எங்களிடம் இருக்கிறது, அடுத்த மாதத்தைக் காட்டுகிற கருவி இன்னும் வந்து சேரவில்லை; தாரணி, காத்திருக்கலாம் என்ற கட்டத்தில் டிக் செய்தாள்.